வள்ளல் இல்லாத வெண்பா

"கலா, எங்க ஊட்டுக்காரரு யாருக்காவது ஒரு டீ வாங்கிக் குடுத்து நீ பாத்திருக்கியா?"

அஞ்சலையக்கா இதைக் கேட்டபோது நான் ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். எட்டு மாமன், எட்டுப் பேருக்கும் கூலிங் கிளாஸ். யார் தலை பெரிது என்று அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை முடிந்திருந்தது. மவுஸிலிருந்து கையை எடுக்காமலே, "இல்லக்கா, பாத்ததில்ல" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்புறம் எதுக்கு அவர வள்ளல்னு போட்ட?"

மவுஸ் தானாகவே கையை விட்டுப் போனது.

அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை இறந்து அப்போது பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அக்காவும் அதே பக்கம் வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். காலையில் கம்பெனி வேன் எங்கள் கடை முனையில்தான் நிற்கும். அதனால் முத்தியால்பேட்டையில் நான் கடை போட்ட நாளிலிருந்து அக்கா எனக்குப் பழக்கம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேன் வரும்வரை என் கடை வாசலில் நின்று, உள்ளே திரையில் ஓடும் படங்களைப் பார்த்து யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்வார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வைத்த பேனர் நான் செய்ததுதான்.

அப்பா – 2

என் கம்ப்யூட்டரில் 'கவிதை' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் 'தாத்தா – 3', 'அம்மா – 5', 'வாலிபர் – விபத்து' என்று கோப்புகள். இறப்புச் செய்தியோடு வருகிறவர்களிடம், "அப்பாவா? வயசு என்ன?" என்று கேட்பேன். வயதுக்கு ஏற்ற கோப்பைத் திறப்பேன். போட்டோவை மாற்றுவேன், பெயரை மாற்றுவேன், முடிந்தது. வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். அவர்களை உட்காரவைத்து நாலு வரி யோசிக்கச் சொல்வது பாவம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

ஏழுமலைக்குக் கிடைத்தது 'அப்பா – 2'.

அள்ளிக் கொடுத்த வள்ளலே
அன்பில் நனைந்த உள்ளமே
சொல்லாமல் எங்கே சென்றாயோ
சொந்தம் தவிக்க விட்டாயோ

இதை யார் எழுதியது என்று கேட்காதீர்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நான்தான். அன்றைக்கு எனக்கு அது பெரிய கவிதை.

காரியத்தன்று நடந்ததை அக்கா சொன்னார். பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஏழுமலையோடு மில்லில் வேலை பார்த்த கோதண்டம் கையில் டீயோடு பேனர் முன்னால் நின்று, முதல் வரியைச் சத்தமாகப் படித்திருக்கிறார். படித்துவிட்டு டீ கிளாஸைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். அவ்வளவுதான், பந்தலே சிரித்துவிட்டது. ஏழுமலையின் கஞ்சத்தனம் நாலு தெருவுக்குத் தெரியும்.

"சிரிச்சவங்கள நான் ஒண்ணும் சொல்லல கலா. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவரு காரியத்துல நானே சிரிச்சிட்டேன். அதான் எனக்கு ஆறல."

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"முத தெவசத்துக்கு வேற போடு. கஞ்சன்னு போட்டாலும் பரவாயில்ல. அவர போடு. வேற யாரையாச்சும் போடாத."

வேன் ஹார்ன் அடித்தது. அவர் போய்விட்டார். நான் எட்டு மாமன்களையும் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து 'அப்பா – 2'வை அழித்தேன். அழிக்கும்போதே ஒரு முடிவும் எடுத்தேன். இந்த ஒரு மனிதருக்கு நானே எழுதுவேன், அதுவும் முறையாக எழுதுவேன். சும்மா வரியை ஒடித்துப் போட்டு 'லே', 'மே' என்று முடிக்கிற வேலை இனி கிடையாது. வெண்பாதான்.

ஏன் வெண்பா? தமிழில் மிகக் கறாரானது அதுதான் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பிராயச்சித்தம் செய்கிறவள் சுலபமான வழியில் போகக் கூடாது இல்லையா? வெண்பா என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சு வகுப்பில் எண்ணியது

தமிழில் தட்டச்சு செய்து பிழைக்கிறவளுக்கு வெண்பா தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் இங்கே பள்ளியில் மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம். பிரெஞ்சில் மார்க் கொட்டும் என்று என் அப்பா என்னை அங்கே தள்ளிவிட்டார். பக்கத்து வகுப்பில் தமிழ் எடுத்தவர்கள் 'தேமா புளிமா' என்று கோரஸ் போடும்போது, நாங்கள் 'ஜ சுயி, து ஏ' என்று கோரஸ் போட்டோம். மார்க் கொட்டியது உண்மைதான். கொட்டிய மார்க்கை வைத்துக்கொண்டு நான் பேனர் கடை வைத்தேன்.

பிரெஞ்சு மேடம் ஒருநாள் கவிதைக்கு அளவு உண்டு என்று சொல்லிக்கொடுத்தது மட்டும் நினைவில் இருந்தது. வரியை ஒலி ஒலியாக உடைத்து விரலில் எண்ண வேண்டும். பன்னிரண்டு வந்தால் வரி முடிந்தது. மேடத்தின் நகத்தில் சிவப்புப் பாலிஷ் இருக்கும். ஒவ்வொரு விரலாக மேசையில் தட்டும்போது சன்னமாகச் சத்தம் கேட்கும். அவர் வெண்ணெய் பிஸ்கட் வாசனையோடு வகுப்புக்கு வருவார். நான் பாடத்தை விட பிஸ்கட்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

ஆனாலும் என் முதல் முயற்சியில் விரலைக்கூட எண்ணவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். நாலு வரி எழுதி, திரையில் நான்கும் ஒரே நீளத்தில் வருகிற மாதிரி எழுத்தை இழுத்தும் அமுக்கியும் சரிசெய்தேன். இரண்டு ஓரமும் கத்தி வைத்து வெட்டிய மாதிரி நின்றன. அளவு என்றால் அதுதானே என்று நினைத்துவிட்டேன். பதினைந்து வருடம் பேனர் செய்தவள் புத்தி வேறு எப்படிப் போகும்?

அதை ரீத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ரீத்தா என் பள்ளித் தோழி. தமிழ் எடுத்த கோஷ்டி. கதிர்காமத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வேலை முடிந்தால் வெண்பா. ஏதோ ஒரு குழுவில் வாரம் ஒரு கடைசி வரி கொடுப்பார்களாம், அதற்கு முன் வரிகளை எழுதிச் சேர்க்க வேண்டுமாம். அவள் ஊசி குத்துகிற வேகத்தில் எழுதிவிடுவாள்.

பதில் வந்தது: "இது வெண்பா இல்லடி, வேட்டி பார்டர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பிரெஞ்சு மேடத்தை நினைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணி, வரிக்குப் பன்னிரண்டு ஒலி வைத்து இன்னொன்று அனுப்பினேன். இந்த முறை அவள் போனிலேயே கூப்பிட்டாள்.

"எதுக்குடி எல்லா வரியிலயும் பன்னெண்டு இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில், ரத்தம் கொடுக்க வந்தவர் பயந்து எழுந்து போயிருப்பார்.

தளை தட்டுது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு மாடியில் பாடம் நடந்தது. எதிரே துணி காய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

"ஒலிய எண்ணாத. எப்படி நிக்குது, எப்படி ஓடுதுன்னு பாரு. ரீத்தான்னு சொல்லு. 'ரீத்' ஒரு தட்டு, 'தா' ஒரு தட்டு. தனித்தனியா நிக்குது. அது நேர். இப்ப உன் பேர சொல்லு. 'க' நிக்க முடியல பாரு, 'லா' மேல சாஞ்சிடுது. ரெண்டும் சேர்ந்து ஒரு தட்டு. அது நிரை. இந்த நேரையும் நிரையையும் சேத்தா ஒரு சீர். ரீத்தா ரெண்டு நேர், அது தேமா. கதிர்காமம் ஒரு நிரை, ரெண்டு நேர். அது புளிமாங்காய்."

"அப்ப நான்?"

"நீ ஒத்த நிரை. 'மலர்'னு சொல்லுவாங்க. வெண்பாவோட கடைசி எடத்துலதான் உன்ன உக்கார வெப்பாங்க."

அதன்பிறகு இரண்டு மாதம் நான் பைத்தியம் மாதிரித் திரிந்தேன். ஸ்கூட்டியில் போகும்போது ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். மருந்துக்கடை, பிரியாணிக் கடை, தையல் கடை எதையும் விடவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் ஹேண்டில்பாரில் விரல் தட்டிக்கொண்டு நின்று, பின்னால் இருந்தவரிடம் திட்டு வாங்கினேன். திட்டிலும் முதல் சொல் ஒரு நேர், ஒரு நிரை: கூவிளம்.

அசை பிரிக்க வந்துவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவே கொக்கி மாட்ட வேண்டும். அதற்குப் பெயர் தளை. முன் சீர் 'மா' என்று முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். 'விளம்', 'காய்' என்று முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். ரயில் பெட்டிகளைக் கோக்கிற மாதிரி. ஒரு கொக்கி மாட்டவில்லை என்றாலும் 'தளை தட்டுது' என்பார்கள். ரீத்தாவிடம் அந்த இரண்டு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்திலேயே வந்தது.

அடுத்த ஏழெட்டு மாதத்தில் முப்பது முறையாவது அனுப்பியிருப்பேன். முப்பது முறையும் தட்டியது. "விடுடி, நான் எழுதித் தரேன். அஞ்சு நிமிஷம்" என்றாள் ஒருநாள்.

"வேணாம். தப்பு பண்ணது நான்."

"பிடிவாதக்காரி."

"ஆமா. இன்னா இப்ப?"

நான்கு வரி எனக்குத் தாங்காது என்பது மட்டும் புரிந்துவிட்டது. இரண்டு வரியில் குறள் வெண்பா எழுதுவது என்று இறங்கி வந்தேன். மொத்தம் ஏழு சீர், ஆறு கொக்கி. ஒரு மனிதரை அதற்குள் வைக்க வேண்டும்.

ஒன்பது குடம்

எந்த மனிதரை என்பதுதான் கேள்வி. ஏழுமலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவர் யாருக்கும் எதுவும் வாங்கித் தர மாட்டார் என்பது ஒன்றுதான். அக்காவிடமே கேட்டேன். வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னார்.

"பேச மாட்டாரு. கேட்டா உம், இல்லன்னா அதுவும் இல்ல. எனக்கு இடுப்பு போனப்புறம் குழாயடிக்கு நான் போனதே கெடையாது கலா. விடியக்காலம் நாலரைக்குத் தண்ணி வரும். அவரு புடிச்சி வெச்சிட்டு வேலைக்குப் போயிடுவாரு. கொடம் வெக்கிற சத்தத்துல நான் முழிச்சிக்கப் போறேன்னு, கீழ துண்டு விரிச்சி அது மேல வெப்பாரு. நான் எழுந்து பாத்தா கொடம் ரொம்பியிருக்கும், ஆளு இருக்க மாட்டாரு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் அந்தத் தெருவில் இருந்துகொண்டு, ஒரு மனிதரைப் பற்றி டீக்கடைக் கணக்கு மட்டும் தெரிந்து வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அன்றே எழுதினேன்.

பேசார் பிறர்க்கீயார் போனார் குடத்தை
ஓசைப் படாமல் நிறைத்து

ரீத்தா உடனே கூப்பிட்டாள். குரலில் கிண்டல் இல்லை. "அஞ்சு கொக்கி மாட்டிடுச்சுடி. குடத்தைக்கும் ஓசைக்கும் நடுவுல மட்டும் தட்டுது. 'குடத்தினை'ன்னு போட்டுடு, சரியாப் போயிடும்."

சரியாகத்தான் போகும். ஆனால் 'குடத்தினை' என்று சொல்லிப் பாருங்கள். கிழிந்த சட்டையில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. அக்கா வாயில் அது வருமா? போட மாட்டேன் என்றேன். தண்ணீர், பானை, அண்டா என்று எதை எதையோ கொண்டுவந்து வைத்தேன். ஒரு பக்கம் மாட்டினால் இன்னொரு பக்கம் கழன்றது. இப்படியே மூன்று வாரம் ஓடியது. திவசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஒரு காலையில் அக்கா கேட்டார். "எழுதிட்டியா?"

"ஒரு எடத்துல நிக்குதுக்கா. குடத்த நிறைச்சாருன்னு வருது, அங்கதான்..."

"கொடத்தயா? ஒத்தக் கொடம் வெச்சி நான் இன்னா செய்யறது? ஒம்போது கொடம்! கணக்கா ஒம்போது கொடம் வெச்சிட்டுப் போவாரு மனுசன்."

அவர் வேன் ஏறுவதற்குள் நான் விரலைத் தட்டிப் பார்த்துவிட்டேன். குடங்களை. குடங், களை. இரண்டு நிரை, கருவிளம். அடுத்தது ஓசை, நேர். மாட்டிக்கொண்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். மூன்று வாரமாக இலக்கணத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு என் கணக்கில் இருந்திருக்கிறது. ஒன்பது குடம் சுமந்தவருக்கு ஒரு குடம் மட்டும் எழுதியிருக்கிறேன்.

இரண்டும் பொருந்தும்

குடங்களை மாட்டி அனுப்பியதும், "பாஸ்" என்றாள் ரீத்தா. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. செத்தவர 'ஈயார்'னு பாட்டுல வெப்பியா? சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்கடி. 'பிறர்க்கீந்தார்'னு போடு. அளவு ஒண்ணுதான், ஒரு தளையும் தட்டாது. மரியாதையாவும் இருக்கும்."

திரையில் இரண்டையும் மேலும் கீழுமாக அடித்து வைத்துப் பார்த்தேன். பிறர்க்கீயார். பிறர்க்கீந்தார். கொடுக்க மாட்டார், கொடுத்தார். இரண்டும் புளிமாங்காய். இரண்டும் கொக்கியில் அழகாக மாட்டிக்கொண்டன.

எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. இவ்வளவு கறாரான ஒன்றைக் கற்றுக்கொண்டால் அது என்னைப் பொய் சொல்ல விடாது என்று ஏனோ நம்பியிருந்தேன். 'குடங்களை' வந்து பொருந்தியபோது அந்த நம்பிக்கை உறுதியாகியும் இருந்தது. ஆனால் பொய்யையும் மெய்யையும் யாப்பு ஒரே மாதிரிதான் உள்ளே விட்டது. வாசலில் நிற்க வேண்டியது நான்தான்.

'பிறர்க்கீந்தார்' என்பதை அழித்தேன். பயமாகத்தான் இருந்தது. வள்ளல் என்று போட்டதற்குச் சிரித்தவர்கள் இதற்கு அடிக்க வரலாம்.

மறுநாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பிறர்க்கீயார்னா, யாருக்கும் எதுவும் குடுக்க மாட்டாருன்னு அர்த்தம்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறை நான் தொடங்குவதற்குள் அவரே சொன்னார். ஒரு சீர் பிசகவில்லை.

"அக்கா, பேனர்ல போட்டோவுக்குக் கீழ போடவா, பக்கத்துலயா?"

"பேனரு வேணாம் கலா. எனக்கு எழுத்து தெரியாது. அத மாட்டி வெச்சிட்டு, யாரு எப்ப படிச்சிக் காட்டுவாங்கன்னு நான் நிக்கணும். இது வந்துடுச்சி எனக்கு. போதும்."

நான் எழுதிய முதல் வெண்பாவுக்கு ஆர்டர் கேன்சல்.

திவசத்தன்று போனேன். வீட்டுக்குள் ஊதுவத்திப் புகை, வாழைக்காய் வறுவல் வாசனை. போட்டோவுக்கு முன்னால் படையல் போட்டிருந்தார்கள். கற்பூரம் காட்டுவதற்கு முன் அக்கா நடுவில் வந்து நின்று, யாரையும் கேட்காமல், கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"பேசார் பிறர்க்கீயார்" வந்ததும் கோதண்டம் தலையை நிமிர்த்தினார். வாய் ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டதை நான் பார்த்தேன். "போனார் குடங்களை, ஓசைப் படாமல் நிறைத்து" என்று அக்கா முடித்தார். கோதண்டத்தின் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல வேறு ஏதோவாக மாறியது. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் கோதண்டம், துண்டுக்குள்ளிருந்து.

"ஒரு வாட்டிதான். அவரு எதையும் ரெண்டாவது வாட்டி சொன்னதில்ல."

சொல்லிவிட்டு அக்கா இலை போடப் போய்விட்டார்.